வாத்தியார் பக்கம்: பழைய காற்றுத் தோம்பு வாங்குமுன்...



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சற்று நேரம் யோசிக்க வைத்தது. சித்தியவான் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். பால் மரம் நின்ற இடத்தில் இப்போது வீடமைப்பு வந்துவிட்டது. குடும்பமும் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டது. மூத்த மகன் லூமுட்டில் படகு வேலைக்குப் போகிறான். படகின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டவும், அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுக்கவும் நீருக்குள் மூழ்கத் தெரிந்த ஆளுக்குக் கூலி கூடுதலாம். யாரோ ஒருவர் பழைய காற்றுத் தோம்பு ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்கிறாராம். "கூட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா, வாத்தியார் ஐயா?" என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

அவர் பணத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் இதில் உயிரும் சேர்ந்திருப்பதால், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றத் தம்பிமாரும் படித்துப் பயனடையட்டும்.

நம்மவர்க்குப் புதிய தொழில் அல்ல

முக்குளிப்பு என்றதும் பங்கோர்த் தீவுக்கு உல்லாசப் பயணம் வருபவர்களின் விளையாட்டு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் தமிழர்க்கு இது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டே அடிவரை போய் வந்தார்கள். பிறகு 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ, எமில் காக்னான் என்ற இருவர், முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு மூச்சுக்கு ஏற்ற அளவில் அதை வாய்க்குக் கொடுக்கும் கருவியை உருவாக்கினர். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய திருக்கோணேஸ்வரக் கோயிலின் கற்களை, 1956ஆம் ஆண்டில் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் திருகோணமலைக் கடலடியில் கண்டது இத்தகைய கருவியின் துணையால்தான். இன்றும் மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்தில் கடலட்டை எடுக்கும் தமிழ்த் தொழிலாளர் பலர் தோம்பைச் சுமந்தே கடலில் இறங்குகிறார்கள்.

ஆகவே, "நமக்கேன் இந்த வேலை" என்று நான் சொல்லப் போவதில்லை. இறங்குவதானால் தெரிந்து இறங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு நன்றாகவே பொருந்தும்.

யார் வாங்க வேண்டும்?

தோம்பைப் பற்றிப் பேசுமுன் ஒரு கேள்வி. மகன் மூழ்குவது யாருடைய வேலைக்காக? முதலாளி ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறான் என்றால், அந்த வேலைக்கான தோம்பைத் தாயார் கூட்டுப் பணத்தில் ஏன் வாங்க வேண்டும்?

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வேலைக்கான கருவிகளை ஆபத்தில்லாத நிலையில் கொடுப்பதும் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அச்சட்டத்தின்படி பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியதற்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கவும் கூடாது. 2024 ஜூன் 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. மண்டோர் சொன்னார் என்று மருந்துத் தோம்பை வெறுங்கையோடு தூக்கிய காலத்தை நாம் மறக்கவில்லை. அந்தப் பழக்கத்தைக் கடலுக்கும் கொண்டு போக வேண்டாம். சம்பள வேலையானால், முதலில் முதலாளியிடம் கேளுங்கள்.

சொந்தமாகக் கூலிக்கு எடுத்துச் செய்கிறான், அல்லது முறைப்படி பயின்று பொழுதுபோக்குக்காக மூழ்குகிறான் என்றால், மேலே படியுங்கள்.

உள்ளே இருப்பது எவ்வளவு?

சாதாரணமாகக் கைமாறும் அலுமினியத் தோம்பு ஒன்று 11 லிட்டர் கொள்ளளவு உடையது. வெறுந்தோம்பே ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். அதில் 207 பார், அதாவது 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். நம் காருக்கு டயர்க் கடையில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். தோம்பில் இருப்பது அதைப் போல 100 மடங்கு. ஓர் அறையின் மூலையில் இருக்கும் 2,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்று, கைக்குள் அணைக்கக்கூடிய ஓர் உலோகக் கூட்டுக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. டயர் வெடித்தாலே பக்கத்தில் நிற்பவர் தூக்கி எறியப்படுவதைக் கண்டிருக்கிறோம். இது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் தோளைப் படியுங்கள்

மனிதருக்கு அடையாளக் கார்டு இருப்பதுபோல ஒவ்வொரு தோம்புக்கும் அதன் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டையில் எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். பெயிண்டைப் பார்க்காதீர்கள், இந்த எழுத்துகளைப் பாருங்கள்.

அமெரிக்க முறைத் தோம்பில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளும், அலுமினியமானால் 3ஏஎல் என்றும், இரும்பானால் பெரும்பாலும் 3ஏஏ என்றும் இருக்கும். அடுத்து, அடைக்கலாம் என்று அனுமதித்த அழுத்தம், தொடர் எண், செய்தவர் பெயர் அல்லது குறி, முதல் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் வரும். பின்னர் நடந்த ஒவ்வொரு சோதனையும் தேதியோடு குத்தப்பட்டிருக்கும். ஐரோப்பிய முறைத் தோம்பில் 232, 348 என்பது போல இரண்டு அழுத்த எண்கள் இருக்கலாம். சிறியது அடைக்க வேண்டிய அளவு; பெரியது சோதனைக் கூடத்தில் மட்டும் ஏற்றும் அளவு. பெரிய எண்ணைக் காட்டி, "இதில் காற்று அதிகம் பிடிக்கும்" என்று விற்பவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எழுத்துகள் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அரத்தால் ராவப்பட்டிருந்தாலோ, கெட்டியான பெயிண்டால் மூடப்பட்டிருந்தாலோ, பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

1988 என்ற ஆண்டை நினைவில் வையுங்கள்

அலுமினியத் தோம்பில் ஒரு முக்கிய வரலாறு உண்டு. தோம்பு செய்வதில் பெயர்பெற்ற லக்ஸ்பர் நிறுவனம் அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு வரை 6351 என்ற எண்ணுடைய அலுமினியக் கலவையைப் பயன்படுத்தியது. வேறு சில நிறுவனங்களும் அதையே பயன்படுத்தின. ஓயாத அழுத்தத்தில் பல ஆண்டுகள் இருந்தபோது, இந்தக் கலவையில் செய்த சில தோம்புகளின் கழுத்துப் பகுதியில் மெல்லிய வெடிப்புகள் உண்டாவது பிறகு தெரிய வந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில தோம்புகள் காற்று நிரப்பும்போதே பிளந்து ஆட்களைப் படுகாயப்படுத்தின. அதன்பின் லக்ஸ்பர் 6061 என்ற கலவைக்கு மாறியது. பழைய கலவைத் தோம்புகளின் கழுத்தை மின்சாரக் கருவியால் துருவிப் பார்க்கும் தனிச் சோதனையை அமெரிக்க அரசாங்கம் கட்டாயமாக்கியது.

ஆகவே, 1990க்கு முன் செய்த அலுமினியத் தோம்பை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உலகில் பல கடைகள் அதற்குக் காற்று நிரப்பவே மறுக்கின்றன. காற்று நிரப்ப முடியாத தோம்பு வீட்டில் பூந்தொட்டி அளவுக்குக் கூட உதவாது.

வெளியே பார்க்க வேண்டியவை

தோம்பை வெயிலில் வைத்து நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் காலணியைக் கழற்றச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் தங்குவது அங்கேதான். இரும்புத் தோம்பில் பள்ளம் பள்ளமாகத் துரு அரித்திருப்பதும் அங்கேதான் தெரியும். மேல்துரு துடைத்தால் போகும், பள்ளம் போகாது.

நெளிவு, ஆழமான கீறல், வெல்டிங் செய்த தடம், வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். சமமான தரையில் மெல்ல உருட்டினால் வீக்கமும் கோணலும் ஓரளவு தெரியும்.

பெயிண்டு கருகியோ கொப்பளித்தோ இருந்தால் அந்தத் தோம்பு நெருப்புக்கு அருகில் இருந்திருக்கலாம். அலுமினியம் சூட்டில் பலமிழக்கும். 177 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடுபட்ட அலுமினியத் தோம்பைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. அழகுக்காகச் சூளையில் வைத்துப் பெயிண்டு பூசியதும் இதில் சேரும். புதுப்பெண் போலப் பளபளக்கும் பழைய தோம்பைக் கண்டால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

உள்ளே இருக்கும் துரு மூச்சைத் திருடும்

வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவோம். ஈரமான இரும்பு நாரைக் கண்ணாடிக் குவளையின் அடியில் செருகி, குவளையைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைப்போம். சில நாளில் நார் துருப்பிடிக்கும். குவளைக்குள் தண்ணீர் மேலேறும். துருப்பிடிக்க ஆக்ஸிஜன் தேவை. குவளையில் இருந்த காற்றிலிருந்து இரும்பு அதை எடுத்துக்கொண்டதால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் இதைப் பார்த்துக் கைதட்டுவார்கள்.

இரும்புத் தோம்புக்குள்ளும் இதுவே நடக்கும். உள்ளே தண்ணீர் புகுந்து, நிரப்பிய காற்றோடு பல மாதம் மூலையில் கிடந்தால், துரு ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அளவுமானி நிறையக் காற்று இருப்பதாகவே காட்டும். ஆனால் அதில் உயிரைத் தாங்கும் பங்கு குறைந்திருக்கும். மூழ்கியவருக்கு மூச்சுத் திணறலும் தெரியாது; மயக்கம்தான் வரும். நீருக்கடியில் மயங்கினால் எழுப்ப யார் இருக்கிறார்கள்?

வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. தோம்பைத் தலைகீழாகச் சாய்த்துக் காது கொடுங்கள். மணல் சரிவது போலச் சத்தம் வந்தால் துருத்தூள், சலசலத்தால் தண்ணீர். குழாயைச் சற்றே திறந்து வரும் காற்றை முகருங்கள். எண்ணெய் நாற்றம், புளித்த நாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் நாற்றம் இல்லை என்பதால் காற்று சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். இயந்திரப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. குழாய் திறந்தபடி முற்றும் காலியாகக் கிடக்கும் தோம்பு என்றால், கடற்காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துக் குழாயை நீங்களே கழற்றிப் பார்க்க முயல வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் குழாயைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளும். பழகியவர், காற்றை மெல்ல வெளியேற்றிய பின்னரே அதைக் கழற்றி, விளக்கை உள்ளே விட்டுப் பார்ப்பார்.

குழாயின் மரைக்கும் கவனம் தேவை. தோம்பின் கழுத்து மரையில் முக்கால் அங்குல வகையும் உண்டு. எம்25 என்ற மில்லிமீட்டர் வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் குழாய் மற்றதில் சில சுற்று ஏறவும் செய்யும். ஆனால் அழுத்தம் ஏறும்போது பிடி விட்டுப் பறந்துவிடும். குழாய் மாற்றிய பழைய தோம்பு என்றால் இரண்டின் மரையும் பொருந்துகின்றனவா என்று தெரிந்தவரைக் கொண்டு உறுதி செய்யுங்கள்.

தோம்பெல்லாம் தோம்பாகாது

பழைய இரும்புக் கடையில் கிடைத்த தீயணைப்புத் தோம்பையோ, வெல்டிங் பட்டறைத் தோம்பையோ முக்குளிக்கப் பயன்படுத்த எண்ணாதீர்கள். "ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் இன்னும் நல்லதுதானே" என்று கேட்பவரும் உண்டு. அது தவறான எண்ணம். சுத்த ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். டயர்க் கடை, பெயிண்டுப் பட்டறைக் கம்ப்ரஸரிலிருந்து குழாய் போட்டுச் சுவாசிப்பதும் அவ்வாறே ஆபத்து. அவை மனிதர் மூச்சுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எண்ணெயும் புகையும் நேரே நுரையீரலுக்குப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தோம்புக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே பார்ப்பது ஒன்று. மற்றது நீரழுத்தச் சோதனை. அமெரிக்க விதியில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. தோம்பில் தண்ணீரை நிரப்பி, 3,000 பி.எஸ்.ஐ. தோம்பானால் 5,000 வரை அழுத்தம் ஏற்றுவார்கள். தோம்பு சற்று விரியும். அழுத்தத்தை இறக்கியதும் சுருங்க வேண்டும். விரிந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்காமல் நின்றுவிட்டால் அத்தோம்பு தேறவில்லை. காற்றுக்குப் பதில் தண்ணீரை ஏற்றுவது, தோம்பு பிளந்தாலும் ஆளைக் கொல்லாது என்பதற்காகத்தான்.

இப்போது ஒரு மனக்கணக்கு. பழைய தோம்பு 300 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நீரழுத்தச் சோதனை, உட்பார்வை, குழாய் பழுது, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து இன்னொரு 250 ஆனால், உண்மை விலை 550. சோதனையில் தேறாவிட்டால் 300-உம் போய், சோதனைக் கூலியும் போய், கையில் மிஞ்சுவது கழிவு உலோகம். ஆகவே முதலில் உங்கள் வட்டாரத்தில் காற்று நிரப்பும் கடைக்குப் போய், எந்தச் சோதனை வேண்டும், என்ன கூலி, எந்த ஆண்டுக்குப் பிந்திய தோம்பு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் பிறகு போகலாம். பேரம் படிந்தால், "சோதனையில் தேறாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன்" என்று தொடர் எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் எழுதித் தரத் தயங்கமாட்டார்.

நிரப்பும் பிள்ளையை நினையுங்கள்

வாசகர்களே, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். கெட்ட தோம்பு பெரும்பாலும் கடலுக்குள் வெடிப்பதில்லை. காற்று ஏறும்போது, கடைக்குள், கம்ப்ரஸர் பக்கத்தில்தான் அது பிளக்கும். அந்த நேரத்தில் அதன் அருகில் நிற்பது தோம்புக்குச் சொந்தக்காரர் அல்லர். நாட்கூலிக்கு நிற்கும் ஒரு பையன். வெளிநாடுகளில் பதிவான விபத்துகளில் கையையும் காலையும் இழந்தவர்கள் இப்படி நிரப்பிக்கொண்டு நின்றவர்களே.

அந்தப் பையனுக்கும் ஒரு வீடு இருக்கும். அவன் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு தாயும் இருப்பார். நாம் 200 வெள்ளி மிச்சம் பிடிக்க, தேதி கடந்த தோம்பைப் பெயிண்டு அடித்து அவன் கையில் கொடுத்தால், அந்த மிச்சத்துக்கு அவன் ஜவாப்தாரி ஆகிறான். தோட்டத்தில் ஒருவர் ஏணியைப் பழுதாக வைத்தால் மற்றொருவர் விழுவார் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆகவே கடைக்காரர் "சோதனைத் தேதி போய்விட்டது, நிரப்பமாட்டேன்" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் தம் பிள்ளையைக் காப்பதோடு உங்களையும் காக்கிறார்.

வாங்கிய பிறகு

தோம்பை மோட்டார் சைக்கிளில் காலிடுக்கில் வைத்து ஓட்ட வேண்டாம். காரில் படுக்க வைத்து உருளாமல் கட்டுங்கள். பூட்டிய காரில் வெயிலில் விடாதீர்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முற்றும் காலியாக்காமல் சற்றுக் காற்றை மிச்சம் வையுங்கள். கழிக்க வேண்டிய தோம்பை அப்படியே பழைய இரும்புக் கடைக்கு விற்காதீர்கள். காற்று இருப்பது தெரியாமல் வெட்டுபவர் மாட்டிக்கொள்வார். காலியாக்கி, குழாயைக் கழற்றி, இனி யாரும் நிரப்ப முடியாதபடி துளை போட்டுத் தரும்படி கடையிலேயே கேளுங்கள்.

நல்ல தோம்பு மட்டும் ஆளைக் காப்பாற்றிவிடாது. முறையான பயிற்சியும் சான்றிதழும் இல்லாமல் இறங்கக் கூடாது. கிந்தா வட்டாரத்தில் நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே எத்தனையோ பழைய ஈயக்குட்டைகள் இருக்கின்றன. அங்கே பழகிப் பார்க்கலாம் என்ற ஆசை தம்பிமாருக்கு வரும். 2018 அக்டோபர் 3ஆம் தேதி சிலாங்கூர் மாநிலம் பூச்சோங் அருகே ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த இளைஞரைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையினர் 6 பேர், பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்கள், நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். பயின்றவர்க்கே அந்த நிலை என்றால் பயிலாதவர் எம்மாத்திரம்?

சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1990க்கு முந்திய அலுமினியம் வேண்டாம். எழுத்து அழிந்தது வேண்டாம். சூடுபட்டது வேண்டாம். சோதனைத் தேதியைப் பாருங்கள். காற்று நிரப்பும் கடையில் கேட்டபின் காசைக் கொடுங்கள். கையெழுத்து இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதம், நம் அடுப்பங்கரையில் நிற்கும் கேஸ் தோம்பின் ரப்பர்க் குழாயை எப்போது மாற்ற வேண்டும் என்பது பற்றி எழுதுகிறேன். அதுவரை, உங்கள் வீட்டுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

வணக்கம்.